தாமோதர் பள்ளத்தாக்கும் எரிசக்தி மாற்றமும்

(மாநிலத் திட்டத் துறை அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் கூடிய கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் வாசகம்)

இந்தியாவின் மின் உற்பத்தித் திறனில் சரிபாதி, நிலக்கரி முதலான புதைபடிவ எரிபொருள்களைச் சாராத ஆதாரங்களைக் கொண்டது என்னும் நிலை 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எய்தப்பட்டது. 2030ஆம் ஆண்டுக்குள் எய்துவதாக உலக நாடுகளுக்கு அளிக்கப்பட்டிருந்த உறுதி, ஐந்தாண்டுகள் முன்னதாகவே நிறைவேறியது. பாராட்டத்தக்க செய்திதான். எனினும், அதற்கு மூன்று மாதங்கள் முன்பு முடிவுற்ற 2024-25 நிதியாண்டில், நாட்டின் நிலக்கரி உற்பத்தி வரலாற்றில் முதன்முறையாக 100 கோடி டன்னைக் கடந்தது என்பதும் உண்மை. அவ்வாண்டில் மின் நிலையங்கள் உற்பத்தி செய்த மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் நிலக்கரியினின்றே கிடைத்தது. உற்பத்தித் திறன் என்பது வேறு, உற்பத்தி என்பது வேறு. கதிரவன் பகலில் மட்டுமே உழைப்பவன். காற்றோ பருவம் பார்த்து வீசுவது. ஆகவே இவ்விரு செய்திகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல.

இவ்விரு செய்திகளும் வெவ்வேறு நிலப்பகுதிகளுக்கு உரியவை என்பதே இங்கு கருத்திற்கொள்ளத்தக்கது. சூரிய ஒளியாலும் காற்றாலும் பெறும் மின்சாரம் ராஜஸ்தான், குஜராத், மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய மேற்கு, தென் மாநிலங்களில் குவிந்துள்ளது. நிலக்கரியோ ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் என்னும் மூன்று மாநிலங்களில், நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் கிடைக்கிறது. ஆகவே, எரிசக்தி மாற்றம் என்பது ஓர் எரிபொருளுக்குப் பதிலாக மற்றோர் எரிபொருளைக் கொள்வது மட்டுமன்று. ஒரு வட்டாரத்தின் வருவாயும் வேலைவாய்ப்பும் வேறொரு வட்டாரத்துக்குப் பெயர்வதும் ஆகும். இந்தப் பெயர்ச்சியை ஆளும் பொறுப்பு யாருடையது? இலக்கை மைய அரசு நிர்ணயிக்கிறது. மின் வினியோகம் மாநிலத்தின் கையில் உள்ளது. சுரங்கத்தை நடத்துவது பெரும்பாலும் மைய அரசுக்குச் சொந்தமான பொதுத்துறை நிறுவனம். சுரங்கம் மூடப்படும் நாளில் வேலையிழந்தோர் வந்து நிற்பதோ மாவட்ட ஆட்சியரின் அலுவலக வாயிலில்.

இதனைப் பொதுவாகப் பேசுவதினும் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு ஆராய்வது பயன் தரும். அதற்கு மிகப் பொருத்தமான இடம் தாமோதர் பள்ளத்தாக்கு. நாட்டின் நிலக்கரித் தொழில் 1774ஆம் ஆண்டில் பிறந்த ராணிகஞ்ச் இப்பள்ளத்தாக்கில்தான் உள்ளது. கோக் கரிக்குப் பெயர்பெற்ற ஜாரியா வயலும் இங்குதான். இவற்றினும் முக்கியமாக, ஒரு வட்டாரத்துக்கென்றே தனியாக ஓர் ஆட்சியமைப்பைச் சட்டத்தின் மூலம் உருவாக்கி, ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் நடத்திப் பார்த்த அனுபவமும் இங்கு உண்டு.

கழகத்தின் கதை

தாமோதர் நதிக்கு 'வங்கத்தின் துயரம்' என்று பெயர். 1943ஆம் ஆண்டு வெள்ளம் கல்கத்தாவுக்குச் செல்லும் இரயில் பாதையையும் சாலையையும் துண்டித்தது. போர்க்காலத்தில் நேர்ந்ததால் அரசு விழித்துக்கொண்டது. அமெரிக்க நாட்டின் டென்னஸி பள்ளத்தாக்கு ஆணையத்தில் பணியாற்றிய வூர்டுயின் என்னும் பொறியாளர் அழைத்துவரப்பட்டார். வினாடிக்கு 10 லட்சம் கன அடி வெள்ளம் வந்தாலும் அதனை இரண்டரை லட்சமாகக் குறைத்து அனுப்பும் வகையில் எட்டு அணைகள் கொண்ட திட்டத்தை அவர் வகுத்தார். விடுதலை பெற்ற மறு ஆண்டிலேயே, 1948இல், தாமோதர் பள்ளத்தாக்குக் கழகச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு ஜூலை 7ஆம் நாள் கழகம் உதயமாயிற்று. மைய அரசு, அன்றைய பீகார் அரசு, மேற்கு வங்க அரசு ஆகிய மூன்றும் அதில் பங்காளிகள்.

அச்சட்டம் கழகத்துக்கு விதித்த பணிகளை இன்று படித்தாலும் வியப்பு ஏற்படும். வெள்ளத் தடுப்பு, பாசனம், குடிநீர், மின் உற்பத்தி, நீர்வழிப் போக்குவரத்து, காடு வளர்ப்பு, மண் அரிப்புத் தடுப்பு, பொதுச் சுகாதாரம், வட்டார மக்களின் வேளாண், தொழில், பொருளாதார நலம் ஆகிய அனைத்தும் அப்பட்டியலில் இருந்தன. ஒரு நதிப் படுகையின் வாழ்வு முழுவதையும் ஓர் அமைப்பிடம் ஒப்படைக்கும் துணிவு அன்றைய நிர்வாகத்துக்கு இருந்தது.

நடந்தது என்ன? எட்டு அணைகளில் கழகம் கட்டியவை நான்கே. திலையா 1953இலும், கோனார் 1955இலும், மைத்தான் 1957இலும், பாஞ்செட் 1959இலும் முடிந்தன. இந்த நான்கின் கொள்ளளவையும் முழுமையாகப் பயன்படுத்த இயலவில்லை. வடிவமைத்த உயரம் வரை நீரைத் தேக்குவதற்கு வேண்டிய நிலம் கையகப்படுத்தப்படவில்லை என்பதே காரணம். மூழ்குவது மேல்பகுதியில் உள்ள பீகாரின் நிலம். வெள்ளத்தினின்று காக்கப்படுவதும் பாசனம் பெறுவதும் கீழ்ப்பகுதியில் உள்ள வங்கத்தின் வயல். வெள்ளத் தடுப்புச் செலவில் பீகாருக்குப் பங்கில்லை என்று சட்டம் விலக்களித்தது உண்மை. ஆனால் நிலம் இழந்தவனுக்கு அந்த விலக்கினால் விளைந்த ஆறுதல் எதுவும் இல்லை. 1964இல் துர்காபூர் அணைக்கட்டும் கால்வாய்களும் மேற்கு வங்க அரசின் நிர்வாகத்துக்கு மாறின. பாசனம் கழகத்தின் கையைவிட்டுப் போயிற்று. பொதுச் சுகாதாரமும் வேளாண்மையும் துணைப் பணிகளாகச் சுருங்கின.

மின்சாரம் மட்டும் வளர்ந்தது. 1953இல் பொக்காரோவில் தொடங்கிய அனல் மின் உற்பத்தி சந்திரபுரா, துர்காபூர், மேஜியா, கோடர்மா, ரகுநாத்பூர் எனப் பெருகியது. இன்று கழகத்தின் அனல் மின் திறன் 6,500 மெகாவாட்டை ஒட்டியது. அணைகளால் பெறும் புனல் மின் திறன் 150 மெகாவாட்டுக்கும் குறைவு. வெள்ளத்தைத் தடுக்கப் பிறந்த அமைப்பு, கரியை எரித்து மின்சாரம் விற்கும் நிறுவனமாக மாறியது. (முன்மாதிரியாக இருந்த டென்னஸியிலும் ஏறத்தாழ இதுவே நிகழ்ந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.) இன்றைக்கும் மழைக்காலத்தில் அணை நீர் திறக்கப்படும்போது மேற்கு வங்கத்துக்கும் கழகத்துக்கும் பூசல் மூள்கிறது. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் வெள்ளத்தின்போது, நீர்த்தேக்க ஒழுங்குமுறைக் குழுவினின்று தன் பிரதிநிதியை விலக்கிக்கொள்ளும் அளவுக்கு மாநில அரசு சென்றது.

இதற்கு அலுவலர்களின் குறைபாட்டைக் காரணமாகக் கூறுவோர் உண்டு. அது மேலோட்டமான விளக்கம். வெள்ளத் தடுப்புக்கு யாரும் கட்டணம் செலுத்துவதில்லை. மண் அரிப்பைத் தடுத்ததற்குப் பட்டியல் அனுப்ப இயலாது. பாசனத் தீர்வையை வசூலிக்கும் அதிகாரம் மாநிலத்தின் கையில் இருந்தது. மாதந்தோறும் தவறாது பணம் வந்த ஒரே பணி மின் விற்பனை. எந்தப் பணியினின்று வருவாய் வருகிறதோ, அப்பணியாகவே ஒரு வட்டார அமைப்பு நாளடைவில் மாறிவிடுகிறது. எரிசக்தி மாற்றத்தை வழிநடத்துவதற்கென இன்று உருவாக்கப்படும் குழுக்களையும் முகமைகளையும் இந்த அளவுகோலைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

முன்னரே நிகழ்ந்த மாற்றம்

சுரங்கத் தொழிலாளியின் வேலையைச் சூரிய மின்சாரம் பறித்துவிடும் என்று அஞ்சுவோர், அவ்வேலையின் பெரும்பகுதி ஏற்கனவே போய்விட்டதைக் கவனிப்பதில்லை. கோக் கரிச் சுரங்கங்கள் 1972இலும் ஏனையவை 1973இலும் நாட்டுடைமை ஆக்கப்பட்டு, 1975இல் கோல் இந்தியா நிறுவனம் தோன்றியபோது, அதன் ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ 8 கோடி டன். தொழிலாளர் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர். 2024-25இல் உற்பத்தி 78 கோடி டன். தொழிலாளர் ஏறத்தாழ 2.2 லட்சம். உற்பத்தி பத்து மடங்கை நெருங்கியது. ஆள் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு ஆயிற்று. நிலத்தடிச் சுரங்கத்துக்குப் பதிலாகத் திறந்தவெளிச் சுரங்கமும், கைக்கோடரிக்குப் பதிலாக இயந்திர மண்வாரியும் வந்ததன் விளைவு இது. ஒப்பந்தத் தொழிலாளர் இக்கணக்கில் சேர்வதில்லை. சுரங்க விளிம்பில் கரியைப் பொறுக்கி, சைக்கிளில் 200 கிலோ வரை ஏற்றி, பல மைல் தள்ளிச் சென்று விற்பவர்கள் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. ஜார்க்கண்டின் சாலைகளில் விடியற்காலையில் செல்லும் எவரும் அவர்களைக் காணலாம்.

திறந்தவெளிச் சுரங்கங்கள் புதிதாகத் தோன்றுவது ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும். தாமோதர் பள்ளத்தாக்கில் இருப்பவை பெரும்பாலும் பழையவை, ஆழமானவை, நட்டத்தில் இயங்குபவை. தேசிய அளவில் நிலக்கரி உற்பத்தி ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒரு நிலக்கரி மாவட்டம் நலிந்துபோக முடியும் என்பதற்கு இப்பள்ளத்தாக்கு சான்று. ஆகவே, 2070ஆம் ஆண்டு நிகரச் சுழிய இலக்கு தொலைவில் உள்ளது, அதுவரை காலம் இருக்கிறது என்னும் வாதம் தன்பாத் மாவட்டத்துக்குப் பொருந்தாது.

ஜாரியாவின் அனுபவம் இங்கு எண்ணத்தக்கது. 1916ஆம் ஆண்டில் முதன்முதல் காணப்பட்ட நிலத்தடித் தீ நூறாண்டுகளுக்குப் பின்னும் அணையவில்லை. தீயும் நிலச்சரிவும் அச்சுறுத்தும் பகுதிகளில் வாழும் குடும்பங்களை வேறிடத்தில் குடியேற்ற, 2009இல் 7,112 கோடி ரூபாய் மதிப்பில் முதன்மைத் திட்டம் ஒன்று ஒப்புதல் பெற்றது. பெல்கரியா என்னுமிடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. ஆனால் அங்குக் குடியேறியோரின் முறையீடு பெரும்பாலும் ஒன்றே: வீடு கிடைத்தது, வேலை இல்லை. ஜாரியாவில் இருந்தவரை கரியைச் சார்ந்த ஏதேனும் ஒரு கூலி கிடைத்தது. புதிய குடியிருப்பில் அதுவும் இல்லை. பலர் தீக்கு அருகிலேயே தங்கிவிடுவதை விரும்பினர். 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 5,940 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் பெற்ற திருத்திய திட்டத்தில், குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாழ்வாதார மானியமும், மூன்று லட்சம் ரூபாய் வரை கடனும், தொழிற்பயிற்சியும் சேர்க்கப்பட்டன. முதல் திட்டத்துக்கும் இரண்டாவது திட்டத்துக்கும் இடையே கழிந்தவை பதினாறு ஆண்டுகள். வாழ்வாதாரம் என்பது கட்டடத்துக்குப் பின்னர் சேர்க்கப்படும் ஒட்டு அன்று என்பதைக் கற்றுக்கொள்ள ஒரு தலைமுறையின் இளமை செலவாயிற்று.

கரியின் பணம் எங்கே சென்றது?

இனி வருவாய்க்கு வருவோம். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மின்சாரம் பொதுப் பட்டியலில் உள்ளது. சுரங்க ஒழுங்குமுறையும் கனிம வளர்ச்சியும் பெருமளவு மைய அரசின் பொறுப்பில் உள்ளன. கனிமம் கிடைக்கும் மாநிலத்துக்கு உரியது ராயல்டி எனப்படும் உரிமைத்தொகை. நிலக்கரிக்கு அது 2012 முதல் விலையில் 14 சதவீதம். அந்த விகிதத்தை நிர்ணயிப்பது மாநிலம் அன்று. கரியை மின்சாரமாக மாற்றி வெளியே அனுப்பினாலும் மாநிலத்துக்கு வரி கிடைப்பதில்லை. ஏனெனில் மின்சாரத்தின் நுகர்வின் மீதோ விற்பனையின் மீதோ மாநிலம் வரி விதிக்கலாமே அன்றி உற்பத்தியின் மீது விதிக்க இயலாது. புகையும் சாம்பலும் தாமோதர் கரையில் தங்கிவிடும். வரி, விளக்கு எரியும் ஊரில் வசூலாகும்.

கிழக்கு மாநிலங்களுக்கு இது முதல் அனுபவமும் அன்று. 1950களில் தொடங்கி 1990களின் தொடக்கம் வரை நடைமுறையில் இருந்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கையின்படி, இரும்பும் எஃகும் நாடெங்கும் ஒரே விலையில் கிடைத்தன. தொழிற்சாலை ஜாம்ஷெட்பூருக்கு அருகில் அமைந்தாலும் பம்பாய்க்கு அருகில் அமைந்தாலும் விலை ஒன்றே என்றானபின், தொழில்முனைவோர் துறைமுகத்தையும் சந்தையையும் நாடிச் சென்றதில் வியப்பில்லை. நாடு சீராக வளரவேண்டும் என்னும் நல்லெண்ணத்தில் வகுக்கப்பட்ட அக்கொள்கையின் செலவைத் தாங்கியது, கனிமம் இருந்தும் தொழில் வளராத கிழக்குப் பகுதி. எரிசக்தி மாற்றமும் நல்லெண்ணத்தில் பிறந்ததே.

நிலக்கரியின் மீதான தீர்வையின் வரலாறு இன்னும் கூர்மையான பாடம். 2010ஆம் ஆண்டில் டன்னுக்கு 50 ரூபாய் வீதம் தூய எரிசக்தித் தீர்வை விதிக்கப்பட்டது. கரியின் மீது வரி விதித்து, அத்தொகையைத் தூய எரிசக்திக்குச் செலவிடுவது அதன் நோக்கம். படிப்படியாக உயர்ந்து 2016இல் அது 400 ரூபாய் ஆயிற்று. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது அத்தீர்வை மறைந்தது. அதே 400 ரூபாய், வரி இழப்புக்கு மாநிலங்களை ஈடுசெய்யும் தீர்வையாகப் பெயர் மாறியது. 2025 செப்டம்பர் 22ஆம் நாள் அதுவும் நீங்கி, நிலக்கரியின் மீதான சரக்கு சேவை வரி 5 சதவீதத்தினின்று 18 சதவீதமாக உயர்ந்தது. பதினைந்து ஆண்டுகள் கரியினின்று திரட்டப்பட்ட அப்பெருந்தொகை முதலில் தூய எரிசக்திக்கென்றும், பின்னர் எல்லா மாநிலங்களின் வரி இழப்புக்கென்றும் குறிக்கப்பட்டது. கரி வெட்டிய மாவட்டத்துக்கென்று ஒரு பங்கு எக்கட்டத்திலும் குறிக்கப்படவில்லை. நிதித் துறையின் நோக்கில் ஒவ்வொரு முடிவுக்கும் தக்க நியாயம் உண்டு. நான்கு முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் மட்டுமே விடுபட்டது எது என்பது புலனாகும்.

2024ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்னும் பெரும்பான்மையில், ராயல்டி என்பது வரி அன்று என்றும், கனிம உரிமைகளின் மீது வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்றும் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் ஜார்க்கண்ட், கனிம நிலத் தீர்வைச் சட்டத்தை இயற்றியது. நிலக்கரிக்கு டன்னுக்கு 100 ரூபாய் என்று அத்தீர்வை தொடங்கியது. மாநிலத்துக்குப் புதிய வருவாய் வாயில் திறந்தது நல்லதே. ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. வரி அல்லாத சொந்த வருவாயில் மிகப் பெரும் பகுதியைச் சுரங்கத்தினின்று பெறும் மாநிலம், கரியின் மீது புதிதாகவும் ஒரு வருவாயைப் பெறத் தொடங்கினால், கரி குறைவதை அது எங்ஙனம் விரும்பும்? கழகத்துக்கு நேர்ந்தது மாநிலத்துக்கும் நேரக்கூடும்.

ஒளிக்கு உரிமைத்தொகை இல்லை

புதிய எரிசக்தியாவது இவ்விழப்பை ஈடு செய்யுமா? ஜார்க்கண்ட் 2022இல் வெளியிட்ட சூரிய மின்சாரக் கொள்கை, ஐந்தாண்டுகளில் 4,000 மெகாவாட் என்னும் இலக்கை நிர்ணயித்தது. அதில் சிறு பகுதியே நிறைவேறியுள்ளது. ராஜஸ்தானின் சூரிய மின் திறனோ 30,000 மெகாவாட்டைக் கடந்து சென்றுவிட்டது. பாலைவனத்தின் வெயிலும் பரந்த நிலமும் சோட்டா நாகபுரிப் பீடபூமியில் இல்லை. இருக்கும் நிலத்தில் ஒரு பகுதி காடு. மற்றொரு பகுதி, பழங்குடியினர் நிலம் பிறர் கைக்கு மாறுவதைத் தடுக்கும் 1908ஆம் ஆண்டு சோட்டா நாகபுரிக் குத்தகைச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. அப்பாதுகாப்பு தேவையானதே.

மின் நிலையத்தை ஏற்கும் வட்டாரத்துக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதில் நம் சட்டங்களும் கொள்கைகளும் ஒரே அளவுகோலைக் கையாளவில்லை. புனல் மின் நிலையம் அமைந்தால், அம்மாநிலத்துக்கு 12 சதவீத மின்சாரம் விலையின்றி உண்டு. 2008ஆம் ஆண்டு புனல் மின் கொள்கை, உள்ளூர் வளர்ச்சி நிதிக்கென மேலும் ஒரு சதவீதத்தைச் சேர்த்தது. நிலக்கரிக்கு ராயல்டி உண்டு. சூரிய ஒளிக்கு இவை போன்று நாடு முழுவதற்கும் பொதுவான பங்கு எதுவும் இல்லை. கர்நாடகத்தின் பாவகடாவில் 2,050 மெகாவாட் சூரிய மின் பூங்கா அமைந்தபோது, ஏறத்தாழ 13,000 ஏக்கர் நிலம் விவசாயிகளிடமிருந்து விலைக்கு வாங்கப்படவில்லை. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டாண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு என்று குத்தகைக்குப் பெறப்பட்டது. நிலம் உடையவனுக்கு நிலையான வருவாய் கிடைத்தது. வறட்சி மிகுந்த அவ்வட்டத்தில் அது சிறிய நன்மை அன்று. ஆயின் நிலமற்ற கூலியாளுக்கும், மேய்ச்சல் நிலத்தை நம்பியிருந்த ஆட்டிடையனுக்கும் அவ்வேற்பாட்டில் இடம் இல்லை.

தாமோதர் பள்ளத்தாக்கில் நிலம் இல்லாமல் இல்லை என்பதையும் கூறவேண்டும். 1957ஆம் ஆண்டு நிலக்கரி நிலக் கையகப்படுத்தல் சட்டத்தின் கீழ் நிறுவனங்கள் பெற்ற நிலத்தில், கரி எடுத்து முடிந்த பகுதிகள் ஏராளம். அவற்றைச் சூரிய மின் நிலையம் முதலான தேவைகளுக்குக் குத்தகைக்கு விடும் கொள்கையை 2022 ஏப்ரலில் மைய அமைச்சரவை ஏற்றது. நிலத்தின் உடைமை மட்டும் நிறுவனத்திடமே இருக்கும். நிலத்தை இழந்த கிராமத்துக்கு அக்குத்தகையில் என்ன பங்கு என்பதே எஞ்சும் கேள்வி. கழகமும் தன் நீர்த்தேக்கங்களின் மேல் மிதக்கும் சூரியத் தகடுகளை நிறுவத் திட்டமிட்டுள்ளது. பொக்காரோ மாவட்டத்தின் லுகு மலையில் 1,500 மெகாவாட் நீரேற்றுச் சேமிப்பு மின் திட்டத்தையும் அது வகுத்தது. பகலில் மிகும் மின்சாரத்தால் நீரை மேலேற்றி, மாலையில் கீழே விட்டு மின்சாரம் பெறும் முறை அது. தொழில்நுட்ப நோக்கில் குறை காண்பதற்கில்லை. ஆனால் லுகு புரு சந்தால் மக்களின் புனிதத் தலம். கார்த்திகைப் பௌர்ணமியன்று பல மாநிலங்களினின்றும் அவர்கள் திரளும் இடம். மக்கள் எதிர்த்தனர், மாநில முதலமைச்சரும் அத்திட்டத்துக்கு இடமளிப்பதில்லை என அறிவித்தார். அணைக்கு நிலம் கேட்டபோது எழுந்த கேள்வியே, எழுபது ஆண்டுகளுக்குப் பின், மாசற்ற மின்சாரத்துக்காகவும் எழுந்தது.

மாவட்டத்தின் கையில் உள்ளது

நிலக்கரிக்குப் பிந்தைய வாழ்வை ஆராய, 2022 நவம்பரில் ஒரு பணிக்குழுவை அமைத்த முதல் மாநிலம் ஜார்க்கண்ட். அது வரவேற்கத்தக்க தொடக்கம். ஆய்வுக்கும் ஆலோசனைக்கும் அத்தகைய குழு ஏற்றது. ஆனால் செலவிடத் தனக்கென நிதி அதற்கு இல்லை.

ஜெர்மனியின் ரூர் வட்டாரம் இதனை வேறு வகையில் அணுகியது. அங்குக் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. அதற்குப் பதினோராண்டுகள் முன்னதாகவே, 2007இல், ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. சுரங்கத்தால் நிலம் தாழ்ந்துபோன பகுதிகளில் நீரை இறைக்கும் பணி என்றென்றும் தொடரவேண்டியது. அச்செலவை ஏற்பதற்காக, சுரங்க நிறுவனத்தின் இரசாயனத் தொழிற்பிரிவின் பங்குகள் அவ்வறக்கட்டளைக்கு அளிக்கப்பட்டன. நிலக்கரி நின்றபின்னும் வற்றாத வருவாயை, நிலக்கரி இருக்கும்போதே ஏற்பாடு செய்தனர். செல்வ நாட்டின் வழியை அப்படியே நாம் கைக்கொள்ள இயலாது. காலத்தின் வரிசையைக் கைக்கொள்ளலாம்.

அதற்கு ஏற்ற கருவி ஒன்று இங்கும் உண்டு. 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைந்துள்ளது. பழைய குத்தகைகளுக்கு ராயல்டியில் 30 சதவீதமும், அத்திருத்தத்துக்குப் பின் ஏலத்தில் விடப்பட்டவற்றுக்கு 10 சதவீதமும் அதற்குச் சேரும். நாடு முழுவதும் இவ்வாறு சேர்ந்த தொகை ஒரு லட்சம் கோடி ரூபாயைக் கடந்தது. கரியின் வருவாயில், கரி வெட்டும் மாவட்டத்துக்கென்றே சட்டத்தால் ஒதுக்கப்பட்ட ஒரே பங்கு இதுதான். மாவட்ட ஆட்சியர் தலைமை ஏற்கிறார். பட்டியல் பகுதிகளில் கிராம சபையின் இசைவும் வேண்டும். குடிநீர், மருத்துவம், கல்வி ஆகியவற்றுக்கு முதலிடம் என்பது விதி. பல மாவட்டங்களில் பணத்தின் பெரும்பகுதி குடிநீர்க் குழாய்க்கும் சாலைக்கும் கட்டடத்துக்கும் சென்றது. அவை வேண்டாதன என்று கூறுவார் இல்லை. ஆனால் இவற்றில் பல, மாநிலத்தின் வழக்கமான வரவு செலவுத் திட்டத்தினின்று நடைபெற வேண்டியவை. அறக்கட்டளைப் பணம் வந்ததும் அத்துறைகளின் சொந்த ஒதுக்கீடு குறைந்ததா என்பதை எந்த மாவட்டத்தின் கணக்கையும் புரட்டி மாணவர்கள் ஆராயலாம். ஆய்வேட்டுக்கு நல்ல பொருள்.

2024 ஜனவரியில் திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிகளில் குறிப்பிடத்தக்க புதுமை ஒன்று உள்ளது. கனிமம் தீர்ந்து சுரங்கம் நிற்கும் பகுதிகளில் மக்களின் வாழ்வாதாரத்துக்கென, அறக்கட்டளையின் ஆண்டு வரவில் 10 சதவீதத்துக்கு மிகாத தொகையை நிலை நிதியாக ஒதுக்கி வைக்கலாம். சுரங்கம் நின்ற பிறகும் மாவட்டத்துக்கு ஒரு வருவாய் இருக்கவேண்டும் என்னும் எண்ணம் நம் விதிகளில் இடம்பெறுவது அரிது.

அத்தொகையின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு டன் ஆயிரம் ரூபாய் விலைபெறும் கரி எனக் கொள்வோம். ராயல்டி 140 ரூபாய். பழைய குத்தகையாயின் அறக்கட்டளைக்கு 42 ரூபாய். நிலை நிதிக்கு, உச்ச வரம்பு முழுவதையும் ஒதுக்கினாலும், 4 ரூபாய் 20 காசு. 2025 செப்டம்பர் வரை அதே டன்னின் மீது வசூலான ஈட்டுத் தீர்வை 400 ரூபாய். வரம்பை உயர்த்துவது மைய அரசின் பொறுப்பு. புதிய கனிமத் தீர்வையில் ஒரு பங்கை இந்நிதியோடு இணைப்பது மாநிலத்தின் பொறுப்பு. மாவட்டத்துக்கு எஞ்சுவது சிறிய பணியாயினும் முதற்பணி. 2009 முதல் ஒவ்வொரு நிலக்கரிச் சுரங்கத்துக்கும் மூடல் திட்டமும் அதற்கான வைப்புத்தொகையும் கட்டாயம். எந்தச் சுரங்கம் எந்த ஆண்டில் நிற்கும், எத்தனை குடும்பங்கள் அதனைச் சார்ந்துள்ளன என்பதைத் தொகுப்பதற்கான அடிப்படைத் தாள்கள் நிறுவனங்களின் அலுவலகங்களில் உள்ளன. அவற்றைத் திரட்டி ஒரே பட்டியலாக்கி, ஒப்பந்தத் தொழிலாளரையும் சைக்கிளில் கரி சுமப்பவரையும் கிராம சபைகளின் வாயிலாக அதில் சேர்த்து, அறக்கட்டளையின் அடுத்த ஆண்டுத் திட்டத்தோடு இணைப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஆட்சியர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் போதும்.